கருங்கல்லில் மூன்று பெயர்கள்

"பலகையில எங்க தாத்தா பேருதான் மொதல்ல வரணும். மத்தவங்க பேரெல்லாம் அதுக்குக் கீழதான்," என்றார் முத்துலிங்கம், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

தகரக் கொட்டகைக்குள் மேசைக்குப் பின்னால் இருந்த ஃபாஸில் நிமிர்ந்து பார்த்தான். நஞ்சு அகற்றும் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்த கம்பனியின் சூப்பர்வைசர் அவன், ஊர் ஹட்டன்.

டயகமப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பழைய மருந்து ஸ்டோருக்குப் பின்னால், பூச்சிமருந்துப் பீப்பாய்களை அந்தக் காலத்தில் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். பீப்பாய்கள் துருப்பிடித்து, மருந்து கசிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிய ஆட்கள் தோண்டி எடுத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு பெயர்ப் பலகை நிற்க வேண்டும் என்பது உதவி செய்த வெளிநாட்டுக்காரர்களின் நிபந்தனை.

பலகை என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து முத்துலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் டியூப் லைட்டில்கூட 'உபயம்' என்று யார் யார் பெயரோ இருக்கிறது. அவர் தாத்தா பெரிய கங்காணி ஆண்டியப்பன் குடும்பத்தின் பெயர் ஒரு குண்டு பல்பில்கூட இல்லை. கொடுத்தால்தானே போடுவார்கள் என்பது அவர் மனைவி மீனம்மாவின் கட்சி.

"உங்க தாத்தா பேரு எதுக்குங்க ஐயா வரணும்?"

"குழி வெட்டச் சொன்னதே அவருதான் தம்பி. இந்தச் சாமானை எங்க போடுறதுன்னு தொரை கேட்டாரு. தாத்தா கையக் காட்டுனாரு. அவரு கையக் காட்டாம இந்தத் தோட்டத்துல மண்ணைத் தொட எவனுக்கும் துணிச்சல் கெடையாது."

ஃபாஸிலின் முதுகு நேரானது. "இதை நாலு பேரு முன்னால சொல்லுவீங்களா?"

"நாப்பது பேரு முன்னால சொல்லுவேன்."

"சொல்லுவீங்கண்ணே, சொல்லுவீங்க," என்று வாசலில் ஒரு குரல். பக்கத்து லயத்துக் கந்தப்பன். "வெயில்ல நின்னு குழி வெட்டுனது எங்க அப்பாரு. உங்க தாத்தா குடை புடிச்சுக்கிட்டு நின்னாரு. எங்க அப்பாரு பேருதான் மொதல்ல வரணும்."

"வெட்டுனவனுக்கா பேரு? வெட்டச் சொன்னவனுக்குத்தான்டா பேரு."

"சரி, தாத்தா சொன்னாரு. அதுக்கப்புறம் உங்க குடும்பத்துல யாரு என்னத்தக் கிழிச்சாங்க?"

முத்துலிங்கத்தின் மீசை துடித்தது. "எங்க அப்பா காத்தமுத்து ஸ்டோர் கணக்கப்பிள்ளை. அவரு சாவி குடுக்காம ஒரு பீப்பாய் நகராது. அவருக்கப்புறம் நானு. கடைசியாக் குழியை மூடுறப்ப, 'பீலித் தண்ணி வர்ற பக்கமாச்சே'ன்னு ஒருத்தன் முனகுனான். வாயை மூடிட்டு மண்ணைத் தள்ளுடான்னு அதட்டுனது யாரு? நான்தான்."

"முனகுனது எங்க அப்பாருதான்," என்றான் கந்தப்பன்.

"பாத்தீங்களா தம்பி? வேலைக்கு எடஞ்சல் பண்ணுன ஆளுக்குப் பலகையில பேரு கேக்குறான்."

ஃபாஸில் எழுந்தே நின்றுவிட்டான். "ஐயா, எத்தனையோ தோட்டத்துல வேலை செஞ்சிட்டேன். இப்படி நெஞ்சை நிமித்தி முன்னால வந்த மனுசனை நான் பாத்ததில்லை. எல்லாரும் ஓடி ஒளியுறாங்க."

"எங்க பரம்பரையில ஓடி ஒளியுறவன் பொறக்கலை."

"அப்போ உங்க குடும்பத்து மூணு பேரு பேரையும் போட்டுறலாங்களா?"

"போடுங்க. தகரத்துல எழுதி மழையில கரைஞ்சு போற வேலையெல்லாம் ஆகாது. கருங்கல்லு. ஆழமா வெட்டணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "தோட்டத்துக் கம்பனிக்காரங்க பேரும் வருதோ?"

"இல்லங்க ஐயா. எங்க பேரு வேண்டவே வேண்டாம்னு மேனேஜர் ரெண்டு தடவை வந்து கெஞ்சிட்டுப் போனாரு."

"பெரிய எடத்து அடக்கம்," என்று நெகிழ்ந்து போனார் முத்துலிங்கம்.

மறுநாள் கந்தப்பனே எதிரே வந்து கும்பிட்டான். "அந்தத் தம்பிகிட்ட எல்லாத்தையும் வெவரமாக் கேட்டேண்ணே. எங்க அப்பாரு பேரு வேணாம்னுட்டேன். மொத மரியாதை உங்களுக்கே."

"தோத்துட்டேன்னு சொல்லு."

"தோத்துட்டேண்ணே," என்றான் கந்தப்பன். தோற்றவன் முகத்தில் இப்படி ஒரு களையை முத்துலிங்கம் அதுவரை கண்டதில்லை.

திறப்பு விழாவுக்கு லயமே திரண்டு வந்தது. கொழும்பிலிருந்து அதிகாரிகள், தலவாக்கலையிலிருந்து பத்திரிகைக்காரர்கள். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக முத்துலிங்கம் நடந்து வர, ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். கோயிலில் கிடைக்காத மரியாதை கொல்லையில் கிடைக்கிறது என்று மீனம்மா காதோரம் முணுமுணுத்ததைக்கூட அவர் பெரிதுபண்ணவில்லை. முதல் வரிசையில் எல்லாருக்கும் முந்திக் கைதட்டிக்கொண்டிருந்தான் கந்தப்பன்.

ஃபாஸில் பணிவோடு கயிற்றை அவர் கையில் கொடுத்தான். "நீங்களே தொறந்து வைங்க ஐயா."

தாத்தாவையும் அப்பாவையும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு இழுத்தார். வெள்ளைத் துணி சரிந்தது. கருங்கல்லில், அவர் கேட்டபடியே ஆழமாக, மூன்று மொழிகளில் வெட்டியிருந்தது:

'இந்த மண்ணும் தண்ணீரும் நஞ்சானதற்குப் பொறுப்பானவர்கள்: பெரிய கங்காணி ஆண்டியப்பன், அவர் மகன் காத்தமுத்து, பேரன் முத்துலிங்கம்.'