மஞ்சள் தண்ணீர்

அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இரண்டு கிடாய்களை மாலை போட்டுக் கட்டியிருந்தார்கள். அண்டாக்கள் அடுப்பேறிவிட்டன. அரைத்த மசாலா வாசம் வந்ததும் கிடாய்களில் ஒன்றான செவலை கயிற்றை இழுத்துப் பார்த்தது.

"போன கொடையில பார்த்தேன். மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. உடம்பைச் சிலுப்புனா சம்மதம்னு வெட்டிருவாங்க. அசையாம நின்னா விட்டுருவாங்க," என்றது பக்கத்திலிருந்த கருப்பனிடம்.

கருப்பன் அப்படியே நின்றது. குடம் குடமாக ஊற்றியும் சிலுப்பவில்லை.

"இதுக்குச் சம்மதமில்லப்பா, அவுத்து விடுங்க. செவலையைக் கொண்டாங்க," என்றார் பூசாரி.

அசையக் கூடாது, அசையக் கூடாது என்று செவலை கண்ணை இறுக மூடியது. குடம் இன்னும் கவிழவேயில்லை. அதற்குள் குளம்பிலிருந்து காதுவரை அதன் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"பார்த்தீங்களா, கேக்குறதுக்கு முந்தியே சம்மதம் குடுத்துருச்சு!" பூசாரி கைகூப்பினார். பெண்கள் குலவையிட்டார்கள்.