கோளாறு இல்லாத ரத்தம்

டாக்டரம்மாவின் அறையில் அண்ணனுக்கு முன்னால் அவருடைய மீசை வந்து உட்கார்ந்திருக்கிறது. லட்சத்தில் ஒருத்திக்கு வரும் முரட்டு வகைக் கர்ப்பப்பைப் புற்றுநோய் நுரையீரல்வரை ஏறிவிட்ட தங்கச்சி, பக்கத்தில் இருமலைக் கைக்குட்டைக்குள் அமுக்குகிறாள். ட்யூப்லைட் விர்ரென்கிறது. "நாம தேடின மரபணு மாற்றம் உங்க கட்டியில இல்லம்மா" என்கிறார் டாக்டரம்மா. அண்ணன் தொடையில் அடிக்கும் அடியில் மேசைப் பேனாக்கள் துள்ளி வேறு திசையில் படுக்கின்றன. "நான் சொல்லல? நம்ம ரத்தத்துல கோளாறே கிடையாது!" டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே துடைக்கிறார். "அந்த மாற்றம் இருந்தாத்தான் சார் புது மருந்து கேக்கும். மத்த மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு." தங்கச்சிக்குச் சிரிப்பு வருகிறது. "இப்பத் திருப்தியாண்ணா?" அண்ணன் எழுந்து கைகூப்புகிறார். "இன்னொரு தடவை நல்லாப் பாருங்கம்மா. எங்க பரம்பரையே கோளாறு புடிச்சதும்மா."