எல்ம்ஸ்கேட்டுக்கு விழும் வாக்கு

வெள்ளிக்கிழமை காலை, பாட்மிண்டன் அரங்கில், வாக்கு எண்ணும் மேசையருகே நின்றவர்கள் நால்வர்: தேர்தல் அதிகாரி திருமதி கிளெட்ஹில், எண்ணும் பணியாளர் பிம், கட்சி முகவர் ராஸ்க், பார்வையாளராக வந்திருந்த, ஆர்தர் பென்ஃபோல்டின் மகளான நான்.

வாக்காளர்களுக்கு வழங்கியதைவிட ஒரு வாக்குச்சீட்டு அதிகமாக இருந்தது. அதன் தலைப்பில் எல்ம்ஸ்கேட் தொகுதி என்று அச்சாகியிருந்தது. லண்டனின் ஓரத்தில் இருந்த எங்கள் எல்ம்ஸ்கேட்டை 1983இல் மூன்றாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் கடைசித் தேர்தலில் என் தந்தை ஒரே வாக்கில் தோற்றார். மறு ஆண்டு இறந்தார். தொகுதி போனதிலிருந்து ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் இந்தச் சீட்டு வருகிறது. இங்கே வாக்குக் குறியைப் பென்சிலால்தான் இடுவோம்; இதிலும் குறி அப்போதுதான் இட்டதுபோல, அதன் கரி பிம்மின் விரலில் ஒட்டியது.

சீட்டைச் சரியாகப் பார்க்காமலே ராஸ்க் சிரித்தார். "என்ன மிஸ் பென்ஃபோல்ட், அப்பாவை இந்தத் தடவையாவது ஜெயிக்க வச்சிடலாம்னு பாக்குறீங்களா?"

நான் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். சாவியும் மூக்குக்கண்ணாடியும் புதினா மிட்டாயும் விழுந்தன.

"இதுல பென்சில் எங்க இருக்கு, காட்டுங்க மிஸ்டர் ராஸ்க். எங்க குடும்பத்துல யாரும் கள்ள ஓட்டுப் போட்டதில்ல."

"உங்களை யாருங்க சொன்னாங்க?" என்று முணுமுணுத்த திருமதி கிளெட்ஹில், செல்லாது என்று முத்திரை குத்தினார்.

"அப்பாவையும் சொல்லக் கூடாது," என்றேன்.

செத்துப்போன பென்ஃபோல்ட் தனக்கே வாக்களித்துக்கொள்ள வருகிறார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். தன் பெயருக்கு நேரே தானே குறியிடுவதை அவர் இழிவாக நினைத்தார். எப்போதும் எதிர்வேட்பாளருக்குத்தான் போடுவார். இந்த முறையும் அந்த எதிராளிக்குத்தான் போட்டிருக்கிறார்.