அங்க அடையாளம்

ஜெரால்டுக்கு இடது தாடையில் இருந்தது, பள்ளிச் சான்றிதழிலேயே ஏறிவிட்ட தழும்பு. அவன் அம்மா அமலோற்பவம் அதன்மேல் ஒரு வருடம் சிலிக்கோன் ஜெல் பட்டை ஒட்டினாள். தினமும் உரித்து, கழுவி, முகக்கண்ணாடியில் ஒட்டி உலரவைத்து, மறுபடி அவன் தாடையில் வைத்து நீவிவிடுவாள். கடைசியில் தழும்பு இருந்த இடமே தெரியாமல் போனது.

பிணவறையில் காவலர் துணியை விலக்கிவிட்டு, சான்றிதழைப் பார்த்து வாசித்தார். “அங்க அடையாளம், இடது தாடையில தழும்பு. உங்க பையன்தானான்னு பாத்து சொல்லுங்கம்மா.” அவள் விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது. ஓரம் எழும்பிய பட்டையை அழுத்துவதுபோல் மெல்ல நீவியது. “என் புள்ளைக்கு இங்க தழும்பு இருக்கும் சார். இவனுக்கு இல்ல, நீங்களே பாருங்க” என்றாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.