டிசம்பர் கல்யாணம்

மலேசியாவின் கிள்ளான் நகரில், கையுறை ஆலையில் இரட்டை ஷிப்டு முடித்து வந்து நாற்காலியில் விழுந்தாள் தெய்வானை. நாலு மாதத்துக் கணவன் மாணிக்கவேலு, அவளுடைய போன வருட வருமான வரிப் படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"நம்ம ரெண்டு பேர் வருமானத்தையும் சேர்த்துப் போடவா, தனியாவா? சேர்த்தா வரி குறையும்லா."

"கல்யாணமே டிசம்பர் கடைசிலதானே?"

"அதுக்கென்ன? முழு வருஷமும் புருஷன் பெண்டாட்டின்னுதான் கணக்கு."

"அந்த வருஷ ஆரம்பத்துல படுக்கையில கெடந்த எங்கம்மாவ ஒத்த ஆளா தூக்கிக் குளிப்பாட்டினேன். ஒத்த ஆளாத்தான் கொள்ளியும் வச்சேன். அதுல பாதிய ஒங்களுக்கு எழுதித் தரணுமா?"

"எனக்கு அப்ப உன்னையே தெரியாதே, புள்ள."

"அதத்தான் சொல்றேன். தனின்னே போடுங்க. வரிய நான் கட்டிக்கிறேன்."

அவன் 'தனி'யை அழுத்தினான். அடுத்த பக்கம் கணவன் பெயரைக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் தூங்கிப்போயிருந்தாள்.