மகாராணியிடம் ஒரு விண்ணப்பம்

தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து மிஸ் அனுமதி கேட்டார். "டயப்பர் நனைஞ்சிருக்கு பாப்பா. மாத்திக்கலாமா?"

அனுமதி வழங்க வேண்டிய மகாராணிக்கு வயது ஒன்றரை. ஒரு குவளைத் தண்ணீரை இன்னொரு குவளையில் ஊற்றும் ராஜ்ய காரியத்தில் இருந்ததால், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மிஸ்ஸும், "சரி, முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகளைக் கூட்டிப் போக வந்து ப்ளே ஸ்கூல் வாசலில் நின்ற தகப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கூரியர் கிடங்கில் சூப்பர்வைசர். நாளெல்லாம் தூக்கு, திருப்பு, ஒட்டு, தள்ளு என்று ஆட்களை விரட்டுகிறவர். எந்தப் பெட்டியிடமும் இதுவரை அவர் அனுமதி கேட்டதில்லை.

"இன்னிக்கு என்ன மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

"தண்ணி ஊத்தி விளையாடினா சார். எப்ப நிறையுது, எப்ப வழியுதுன்னு அவளே கண்டுபிடிச்சா."

"அடேங்கப்பா. நேத்து?"

"நேத்தும் தண்ணிதான்."

"ஃபீஸ் கட்டாம எங்க வீட்டுக் குழாயடியிலயே விட்டிருக்கலாம் போலிருக்கே."

மிஸ் சிரித்தார். நாம் குத்திக் காட்டுவதுகூடப் புரியவில்லையே என்று சூப்பர்வைசருக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

"அவளுக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டு இருக்கீங்க? புடிச்சு மாத்தி விடுங்க மிஸ்."

"அவ உடம்பு சார். தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும் இல்லையா? வீட்ல யாரு மாத்துவாங்க?"

"நான்தான். ரெண்டு வருஷமா மாத்துறேன். ஒரு வார்த்தை பேசினதில்ல. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

பெருமையாகத்தான் சொன்னார். அதற்குள் மகாராணி குவளையைக் கவிழ்த்துவிட்டு வந்து, மிஸ்ஸின் விரலைப் பிடித்து இழுத்தாள். அனுமதி வந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்தால் உள்ளறையிலும் அதே ஈர வாடை. சூப்பர்வைசர் சட்டையைக்கூடக் கழற்றாமல், கதவையும் சாத்தாமல் வேலையில் இறங்கினார். அடுப்படியில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி வாயும் சேர்ந்து வேலை செய்தது.

"நாளையிலேர்ந்து பாப்பாவ அங்க விடப்போறதில்ல."

"ஏங்க, இப்பதான் அழாம போறா. இந்த எடமும் போச்சுன்னா நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

"எதிர்த் தெரு ஸ்கூல்ல விடுவோம். அங்க எல்லாம் கையக் கட்டி வரிசையா உக்காந்து ஏபிசிடி சொல்லுதுங்க. இங்க டயப்பர் மாத்த மனு போடுறாங்க. நாளைக்கு மூக்கு சிந்தி விடறதுக்கு ஓட்டெடுப்பு நடத்துவாங்க."

"பாப்பாவ மதிக்கிறாங்க. அது ஒரு தப்பா?"

"மதிக்கிறாங்களாம். வேலைன்னா எப்படி நடக்கணும்னு இங்க வந்து பாரு."

இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினார். ஒரு பக்கமாகப் புரட்டினார். பழையதை உருவி, புதியதைச் செருகி, இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டினார். கிடங்கு ஆட்கள் பார்த்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

"முடிஞ்சுது பாரு. யாரையாவது கேட்டேனா?"

மனைவி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே பார்த்ததும் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கும் மாமனார், எட்டாத போர்வையைக் கையால் துழாவிக்கொண்டே மகனிடம் கேட்டார்.

"பாப்பா போற ஸ்கூல்ல என்னையும் சேத்துக்குவாங்களாடா?"