துரை பேரில் ஒரு பாலிசி

"அயுவுற பொம்பளய இன்னும் எத்தினி கேள்வி சார் கேப்பே? மனசாட்சியே கெடையாதா உங்க கம்பெனிக்கு?"

சொக்கம்மாள் போட்ட சத்தத்தில் இன்ஷூரன்ஸ் அதிகாரி தங்கப்பாண்டி அரண்டுதான் போனார். எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் மூன்று மாடி ஏறி வந்த மூச்சே அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

சுவரோரம் மதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்திருந்த எதிர்வீட்டுச் சொக்கம்மாளோ பெரிய பொட்டும் தலை நிறைய மல்லிகையுமாக இருந்தாள். துக்க வீட்டுக்கு இப்படியா ஒருத்தி வருவாள் என்று தங்கப்பாண்டிக்கே பட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கட்டினது சின்னத் தொகைதான். ஆனா விபத்துன்னா பெரிய பணம். நான் திருப்தியா ரிப்போர்ட் எழுதினாத்தான் வரும். இல்லேன்னா ஒத்தப் பைசா வராது."

"சரி, கேளு. நா சொல்றேன்."

"விபத்துக்கு முந்தின நாள் இவங்க வீட்டுக்காரர் துரைக்குக் கடுமையான காய்ச்சல்னு ஹார்பர் யார்டுல சொல்றாங்க. காய்ச்சல்காரர் எப்படி வேலைக்குப் போனார்?"

மதியின் அழுகை சட்டென்று நின்றது. சொக்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஹார்பர் கான்ட்ராக்ட் வேலை உனக்குத் தெரியாதா சார்? ரெண்டு நாள் சேந்தாப்ல கேட்டு பாஸு உள்ள போவலேன்னா மேஸ்திரி அத்தையே புடுங்கிக்குவான். அப்பால வூட்ல ஒலை வெக்கிறது எப்டி? காச்சலாவது கீச்சலாவது!"

"பாடியை அடையாளம் காட்டினது யாரு?"

"நாந்தான். இரும்புச் சட்டம் மேல வுயுந்து மூஞ்சே இல்ல சார். இவ பாத்தா தாங்குவாளா? கால் கட்டவெரல்ல நகம் கெடையாது. அத்த வச்சித்தான் சொன்னேன்."

தங்கப்பாண்டியின் பேனா நின்றது.

"எதிர்வீட்டு ஆம்பளை கால் நகம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

மதி தலையைத் தூக்கிச் சொக்கம்மாளைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்கிற பார்வை.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டே? பத்து வருசமா ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணி பைப்பு. மூட்ட வுயுந்து நகம் பேந்து வந்தன்னிக்கி மஞ்சா வச்சிக் கட்டினதே இந்தக் கைதான் சார்..."

அதே கையால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்ட தன் வாயைத்தான் அறைய வேண்டும் என்று இருந்தது தங்கப்பாண்டிக்கு. பாவம், நல்ல மனுஷன். கேள்வி கேட்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்!

"தப்பா நினைச்சுக்காதீங்க. மூலக்கொத்தளம் இடுகாட்டுலயும் விசாரிச்சுட்டேன், புதைச்ச பதிவுல துரைன்னுதான் இருக்கு. நல்லபடியா எழுதிடறேன். பணம் வந்துடும்மா."

மதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் பையை மூடிக்கொண்டே கேட்டார். "இந்த பிளாக்குல இவங்க ஒரு வீடுதான் பாலிசி போட்டிருக்கு. மத்தவங்க ஏன் போடல?"

"சுனாமிக்கு மறு வருசம் உங்க ஆளு ஒருத்தரு மகளிர் குழுவாண்ட வந்தாரு. 'உங்க வூட்டுக்காரர் செத்துட்டா'ன்னு ஆரம்பிச்சாரு. வெள்ளிக்கெயமையும் அதுவுமா தாலி கட்டினவளுங்கள ஒக்கார வச்சிக்கினு பேசுற பேச்சா அது? தொடப்பத்த எடுத்துக்கினு தெருமொன வரைக்கும் தொரத்தினவளே நாந்தான். இவ ஒருத்திதான் அந்தாளு பின்னால ஓடிப்போய் சேந்தா."

"இப்பவாவது புரிஞ்சுதே. உங்க வீட்டுக்காரர் பேர்லயும் ஒண்ணு போட்டுடுங்க. அவருக்கும் அதே யார்டுதானே? பேர் என்ன?"

"செங்குட்டுவன்."

"உடம்புக்கு ஏதாவது தொந்தரவு?"

"ஒண்ணியும் இல்ல சார். கல்லாட்டம் இருந்... கீறாரு."

"கூப்பிடுங்களேன், ஒரு கையெழுத்துப் போடட்டும்."

"வேலைக்குப் போனாரு சார். இன்னும் வர்ல."

"வந்ததும் சொல்லியனுப்புங்க. சாவைப் பத்திப் பேசினா சாவு வந்துடாதும்மா."

சொல்லிவிட்டுத் தங்கப்பாண்டி படியிறங்கினார். சொக்கம்மாள் கதவைத் தாழிட்டாள்.

பரண் மேல் கிடந்த சாக்குகள் அசைந்தன. தாடியும் வாடிய முகமுமாக ஒருவன் இறங்கி வந்து சொக்கம்மாளின் காலைக் கட்டிக்கொண்டான்.

"காச்சல்ல கெடந்த நா ஒயிஞ்சிருக்கக் கூடாதா அண்ணி? பாஸு போயிடக் கூடாதுன்னு உன் வூட்டுக்காரர் கையில எம் பாஸ குடுத்து அனுப்பிச்சேனே! இந்தத் துரை பேர்லயே அண்ணன் செத்துட்டாரே! வர்ற துட்டு பூரா உம் புள்ளைங்களுக்குத்தான் அண்ணி..."

சொக்கம்மாள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தாள். புறங்கையால் பொட்டை அழித்தாள்.

"கதவு சாத்திக்கீதில்ல மதி? இப்பவாச்சும் எம் புருசனுக்கு நா அயுதுக்கட்டா?"

மதி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாக்கா... அந்தாளு இன்னும் படியிலதான் கீறாரு."